ஹால்ட் பஸ் நிற்கும் ஊரில் ஒரு வீடு

ஜோதிமணிக்கு வீடு கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் தின்றுவிட்டு டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். வயிறு சரியில்லை என்று மற்றவர்களிடம் சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. எரிந்தது, அவ்வளவுதான்.

அவள் யார், எப்படிப்பட்டவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பக்கத்து நியாயம் உங்களுக்குப் புரியாது. அப்படி ஒரு நியாயம் இருந்தது என்று அப்போது நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கொடைக்கானலில் ஒரு போர்டிங் ஸ்கூலின் ஹாஸ்டல் சமையலறையில் நாங்கள் இருவரும் காய் நறுக்குகிறவர்கள். காலை ஏழு மணிக்குக் கத்தியும் கட்டையுமாக உட்கார்ந்தால் முந்நூறு பிள்ளைகளுக்கான கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கடைசியில் பூண்டு. நான் பதினாறு வருஷமாக இருக்கிறேன். ஜோதிமணி வந்து பதினோரு வருஷம். பதினோரு வருஷமும் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்துதான் வேலை. டிசம்பர் குளிரில் அது ஒரு சௌகரியம்.

அவள் ஆடலூர்க்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர்கள். பத்தாவது எழுதிய கையோடு வேல்ராஜுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் காய்கறி லாரி டிரைவர். மலைக்காயை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்குவான். வாரத்தில் மூன்று ராத்திரி வீட்டில் இருக்க மாட்டான். ஒரே மகள் சுகன்யா, ஒன்பதாவது படிக்கிறாள். அட்டுவம்பட்டிப் பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் மூன்று பேரும் இருந்தார்கள். மழை பெய்தால் கட்டிலை மட்டும் நனையாத இடத்துக்கு நகர்த்திப் போட்டுக்கொண்டு, மூன்று பேரும் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். அதைக்கூட அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

எனக்கு அவளிடம் பிடிக்காத விஷயமே அந்தச் சிரிப்புதான். பொய் சொல்கிறேன். பிடித்த விஷயமும் அதுதான். அவளுக்குக் கேட்பதில் கூச்சமே கிடையாது. மீந்துபோன சப்பாத்தியை மேட்ரன் முகத்தைப் பார்த்துக் கேட்டு வாங்குவாள். பக்கத்துக் கடையில் அட்டைப்பெட்டி கேட்பாள். ஜீப் டிரைவரிடம் "அண்ணே, மூஞ்சிக்கல் வரைக்கும் எறக்கி விடுறீங்களா" என்பாள், ஏறிப் போய்விடுவாள். எல்லோரும் கொடுத்துவிடுவார்கள். நான் பதினாறு வருஷத்தில் மேட்ரனிடம் ஒரு பச்சை மிளகாய் கேட்டதில்லை. அதற்காக யாராவது என்னை மெச்சினார்களா? இல்லை. மேட்ரன் அவளை ஜோதி என்று கூப்பிடுவார், என்னை இசபெல்லா என்று முழுப்பெயரில் கூப்பிடுவார். ஒருதரம் அவள் கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என் வீட்டுக்காரர் விரலைச் சூப்பினார். அந்தக் கிண்ணத்தை நான் மூன்று நாள் திருப்பிக் கொடுக்கவில்லை.

இப்படி இருந்தும் எங்களுக்குள் ஒரு கணக்கு நேராக இருந்தது. நான் டவுனுக்குள் நாயுடுபுரத்தில் ஓட்டு வீட்டில் இருந்தேன். அவள் தகரக் கொட்டகையில் இருந்தாள். என் மகள் பிரின்ஸிக்குப் படிக்கத் தனியாக ஒரு மூலை இருந்தது. சுகன்யாவுக்கு இல்லை. ஜோதிமணி எவ்வளவு சிரித்தாலும் சாயங்காலம் போய் ஒண்டுவது அந்தத் தகரத்தின் அடியில்தானே என்று நினைத்துக்கொள்வேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன்.

சென்ற வருஷம் அக்டோபரில் எங்கள் வீட்டு ஓனரின் மகன் பெங்களூரிலிருந்து வந்து, சுவரை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்தான். மார்ச் கடைசிக்குள் காலி செய்துகொடுங்கள் ஆன்ட்டி என்றான். சீசனுக்கு முன்னால் வெள்ளையடித்து, சரம் சரமாக லைட் போட்டு, ஹோம்ஸ்டே ஆக்கப் போகிறானாம். பதினைந்து வருஷம் இருந்த வீடு. கோபப்பட்டு என்ன செய்ய? அவன் வீடு.

நானும் வீட்டுக்காரரும் தேட ஆரம்பித்தோம். மற்ற ஊர்களில் கல்யாணமாகாத பையன்களுக்குத்தான் வீடு கொடுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனந்தகிரியில் ஒரு அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்:

"ஃபேமிலின்னா வேணாம்மா. நீங்க ஒரு மாசத்துக்குக் குடுக்குறத டூரிஸ்ட்டு ரெண்டு நாள்ல குடுத்துட்டுப் போயிருவாங்க. நீங்க வந்தா ஆணி அடிப்பீங்க, பிள்ளை சுவத்துல எழுதும், போகச் சொன்னா போக மாட்டீங்க."

செண்பகனூரில் ஒரு வீடு பார்த்தோம், சமையலறையிலேயே கக்கூஸ் கதவு திறந்தது. அதற்கும் முந்தின நாளே ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். கீழே இறங்கினால் வாடகை குறையும். ஆனால் ஏழு மணிக்கு வேலைக்கு வர பஸ் கிடையாது. ஏழு மணிக்கு மேட்ரன் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்பார். வேலைக்குப் பக்கத்தில் இருந்தால் கைக்கு எட்டாது, கைக்கு எட்டினால் வேலைக்கு எட்டாது.

இதையெல்லாம் நான் ஜோதிமணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் முன்னால் நான் வீடு இல்லாதவளாக நிற்பதா? அவளும் அப்போது தேடிக்கொண்டிருந்தாள், ஆனால் ஊருக்கே தெரியத் தேடினாள். பால்காரர், கேஸ்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று ஒருத்தரை விடவில்லை. அப்படித்தான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடமும் கேட்டிருக்கிறாள்.

அந்தக் கண்டக்டர் பெயர் உபகாரம். எங்கள் சர்ச் ஆள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். அவர் போகிற பஸ் சாயங்காலம் ஆறே காலுக்குக் கிளம்பி, பூம்பாறைக்கு அப்பால் கூக்கால் ரோட்டிலிருந்து பிரியும் ஊத்துப்பாறை என்ற சின்ன ஊருக்குப் போகும். ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் ஐந்தரைக்குக் கிளம்பி, ஏழுக்குள் டவுனுக்கு வந்துவிடும். எங்கள் பக்கம் இதற்கு ஹால்ட் பஸ் என்று பெயர். அந்த ஒரு பஸ்ஸால்தான் ஊத்துப்பாறைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருகின்றன, அந்த ஊர்ப் பூண்டு மூட்டை காலைச் சந்தைக்கு வருகிறது.

டிரைவரும் கண்டக்டரும் அங்கே திருமலைச்சாமி என்பவர் வீட்டு முன் அறையில் படுப்பார்கள். பல வருஷமாக நடக்கிற ஏற்பாடு. அதற்கு அவர் வாடகை வாங்குவதில்லை, பஸ் வந்தால் போதும் என்பார். அந்த வீட்டில் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் சும்மா கிடந்தன. அதைத்தான் உபகாரம் ஜோதிமணிக்குச் சொல்லியிருக்கிறார். வெளி ரூமில் பஸ்காரர்கள் படுப்பார்கள், சம்மதம் என்றால் இருங்கள் என்று திருமலைச்சாமி சொல்ல, அவள் அன்றைக்கே சரி என்றுவிட்டாள். வாடகை நான் கொடுத்ததில் பாதிகூட இல்லை. ஓட்டு வீடு. குழாயில் ஊற்றுத்தண்ணீர். பின்னால் நாலு வரிசை பூண்டு போடுகிற அளவுக்கு இடம்.

"யக்கா, பஸ்ஸு வாசல்லயே நிக்கும். சுகன்யா படியில எறங்குனா பஸ்ஸுல ஏறிரலாம்" என்று பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் உபகாரத்தை மறித்தேன்.

"என்னங்க, ஊத்துப்பாறையில வீடு சும்மா கெடக்குன்னு நம்ம ஆளுங்க ஒருத்தருக்கும் சொல்லத் தோணலியா ஒங்களுக்கு?"

அவர் முழித்தார். "நீங்க கேக்கவே இல்லியேம்மா. ஒங்களுக்குத்தான் நாயுடுபுரத்துல வீடு இருக்கே."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் முதல் வாரம் பால் காய்ச்சினாள். ஒரு ஞாயிறு. எங்கள் சமையலறையிலிருந்து நாலைந்து பேர் போனோம். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. போய்ப் பார்த்து ஒரு குறையாவது கண்டுபிடித்துவிட்டால் நிம்மதியாகிவிடும் என்று இருந்தது. சுவரில் ஓதம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. சமையலறையில் புகை போக வழி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். இருந்தது. பின்வாசல் வழியாகப் பார்த்தால் படி படியாகப் பூண்டு வயல், அதற்குக் கீழே ஓடை. வெயில் நேராக அடுப்படிக்குள் வந்து விழுந்தது. என் வீட்டில் பதினைந்து வருஷத்தில் அடுப்படிக்குள் வெயில் வந்ததில்லை. சுகன்யா தன் அறை என்று ஒன்றைக் காட்டினாள். புத்தகங்களைச் சுவரோரம் அடுக்கியிருந்தாள். பிரின்ஸிக்கு மார்ச்சுக்கு அப்புறம் மூலைகூட இருக்காதே என்று நினைத்தேன்.

கிளம்பும்போது முன் அறையைப் பார்த்தேன். தனிக் கதவு. இரண்டு கயிற்றுக் கட்டில், இரண்டு கம்பளி, ஆணியில் ஒரு காக்கிச் சட்டை. குறை கிடைத்துவிட்டது.

ஜோதிமணியைத் தனியாகக் கூப்பிட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். அக்கறையாகப் பேசும்போது குரலைத் தாழ்த்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஜோதி, வேல்ராஜ் தம்பி வாரத்துல மூணு ராத்திரி லாரில போயிருவாரு. சுகன்யா பெரிய மனுசி ஆயிட்டா. நீயும் அவளும் மட்டுந்தான் உள்ள. வெளிய ரெண்டு ஆம்பளைங்க. நான் ஒண்ணும் சொல்லல."

"உபகாரம் அண்ணன் நல்லவருதானக்கா. ஒங்க சர்ச்சுதானே?"

"நல்லவருதான். எங்க சர்ச்சுதான். ஆனா யாரு நெஞ்சுல என்ன கெடக்குன்னு நமக்குத் தெரியுமா? அந்த டிரைவரு யாரு, எவருன்னே தெரியாது. நாளைக்கு ஊரு நாலு பேசுனா பிள்ளைக்குத்தான் கெட்ட பேரு. ஒனக்கு அக்கா மாதிரி இருக்கேன், அதனால சொல்றேன்."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பதினோரு வருஷத்தில் அது அப்படிப் போய் நான் பார்த்ததில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருந்தது, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

அதோடு விட்டேனா? பஸ் ஏறப் போகிற வழியில் டீக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த திருமலைச்சாமியிடம், இந்த வீடு எப்போதாவது காலியானால் சொல்லுங்கள் ஐயா என்று என் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரமே ஜோதிமணி திருமலைச்சாமியிடம் பேசிவிட்டாள். பொம்பளைப் பிள்ளை விஷயம் என்றதும் அவரால் மறுக்க முடியவில்லை. உபகாரத்திடம் அவளே சொன்னாளாம், தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே என்று. அவர் காக்கிச் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனாராம். கம்பளியைக்கூட எடுக்கவில்லையாம்.

"நல்லவேளை நீங்க சொன்னீங்க. எனக்கு இதெல்லாம் ஓடவே ஓடாதுக்கா" என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஊருக்குள் வேறு வீட்டில் படுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்ச்சில் உபகாரமே சொன்னார்:

"கேக்கலாம்னுதான் போனோம். நாங்க போறதுக்கு முன்னாடியே பேச்சு போயிருச்சும்மா. பொம்பளைப் பிள்ளைக்குப் பயந்து வெளிய அனுப்பிட்டாங்கன்னு. அந்த ஊருல பொம்பளைப் பிள்ளை இல்லாத வீடு எது? எவன் சேப்பான்? நமக்குந்தான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவத் தட்டுறது? எனக்கும் ரெண்டு மக இருக்கு."

பேசியது யார் என்று அவருக்குத் தெரியாது. ஜோதிமணி என் பெயரை எடுக்கவே இல்லை. அவர் என்னிடம் ஆறுதல் தேடுகிறவர்போலப் பேசிக்கொண்டிருந்தார். நான் சீலையின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டேன்.

ஒன்றரை மாதம் இரண்டு பேரும் பஸ்ஸுக்குள்ளேயே படுத்தார்கள். ஜனவரி. மேல்மலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிற மாதம். கதவு இடுக்கில் காற்று வரும், தகரமெல்லாம் ஐஸாகக் குளிரும். டிரைவருக்கு நெஞ்சில் சளி கட்டி, பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். அவர் வந்ததும் டெப்போவில் எழுதிக் கொடுத்தார்கள், ஊத்துப்பாறையில் ராத்தங்க இடமில்லை என்று. பிப்ரவரி முதல் தேதி ஹால்ட் நின்றது. அதற்கப்புறம் முதல் பஸ்ஸே காலையில் டவுனிலிருந்து போய், ஒன்பதுக்குத்தான் அந்த ஊரைத் தொடும்.

ஊர்ப் பிள்ளைகள் முதல் பீரியடைத் தவறவிட்டன. பூண்டு மூட்டைகள் வேன் வாடகைக்குக் காத்துக் கிடந்தன. எல்லாப் பழியும் ஜோதிமணி தலையில் விழுந்தது. எங்கிருந்தோ வந்தவள் எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டாள் என்று குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்களாம். ஒருநாள் பால் வேனில் தொற்றிக்கொண்டு ஏழரைக்கு வந்தாள். ஒருநாள் வேல்ராஜின் லாரியில். மற்ற நாளெல்லாம் பத்தே முக்கால். மேட்ரன் ஒரு வாரம் பார்த்தார். அப்புறம் நதியா என்று ஒரு சின்னப் பெண்ணைப் புதிதாகச் சேர்த்து, ஜோதிமணி இடத்தில் என் பக்கத்தில் உட்காரவைத்தார். ஜோதிமணிக்கு அரைநாள் வேலைதான், அரைநாள் சம்பளம்தான் என்றார். அடுத்த மாதம் அதுவும் நிச்சயமில்லை.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், முதல் நாள் இருந்தது. இரண்டாம் நாள் அவள் சிரிக்காமல் உட்கார்ந்து பூண்டு உரிப்பதைப் பார்த்தபோது, அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருநாள் பதினோரு மணிக்கு வந்தவள், நதியா தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யக்கா, வீடு தேடுறீங்களாமே. எங்கிட்டச் சொல்லக் கூடாதா? திருமலைச்சாமி ஐயாதான் சொன்னாரு. ஒங்க நம்பரு வச்சிருக்காரு."

நான் கத்தியைக் கட்டைமேல் வைத்தேன்.

"காலியானா சொல்லச் சொன்னீங்களாம். காலியாகணும்னு எதுக்குக்கா? அந்த வெளி ரூம் சும்மாதான் கெடக்கு. பஸ்காரங்க போனப்புறம் நான் யாரையும் விடல. நீங்க மூணு பேரும் வந்துருங்க. வாடகை எல்லாம் வேணாம், அடுப்படி ஒண்ணா வச்சுக்குவோம். அவரு லாரில போற ராத்திரிக்கு எனக்கும் ஒங்க தொணை இருக்கும். பிரின்ஸியும் சுகன்யாவும் ஒண்ணாப் படிப்பாங்க. பஸ்ஸு மட்டுந்தான் இல்ல. அதுக்கு ரெண்டு பேருமா சேந்து டெப்போல போயிக் கேப்போம். நீங்க பேசுனா கேப்பாங்க."

மார்ச் கடைசிக்கு நாற்பது நாள் இருந்தது. அதுவரை நானூறு வாசல் ஏறி இறங்கியும் ஒருவரும் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை. இவள் சொன்னாள். அதுவும் நான் காலி செய்ய வைத்த அறைக்கு.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு நாள் தூங்கவில்லை. அறையை எடுத்துக்கொண்டால் எனக்கு வீடு கிடைக்கும், ஆனால் பஸ்காரர்களுக்கு இடம் கிடையாது. இடம் இல்லை என்றால் ஹால்ட் இல்லை. ஹால்ட் இல்லை என்றால் ஏழு மணி வேலை இல்லை, அவளுக்கும் இல்லை எனக்கும் இல்லை. அந்த அறைக்குப் பஸ்காரர்கள் திரும்ப வரவேண்டும் என்றால், அவர்கள் மேல் விழுந்த பேச்சைத் துடைக்க வேண்டும். அதை யார் துடைப்பது? யார் பூசினார்களோ அவர்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறி ஊத்துப்பாறைக்குப் போனேன். அறையைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, ஜோதிமணி கதவைத் திறந்து காட்டினாள். கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். கட்டில் மேல் அந்த இரண்டு கம்பளியும் துவைத்து மடித்து இருந்தன.

"ஜோதி, இந்த ரூம் எனக்கு வேணாம். பஸ்காரங்களக் கூப்பிட்டுரு."

"என்னக்கா இது? நீங்கதானே சொன்னீங்க, பிள்ளை இருக்கிற வீட்டுலன்னு."

"சொன்னேன். ஒம் பிள்ளைக்காகச் சொல்லல. அவங்க மேல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. உபகாரத்த இருவது வருசமாத் தெரியும், தலை நிமிந்து ஒரு பொம்பளையப் பாக்க மாட்டாரு. ஒனக்கு இம்புட்டு நல்ல வீடு கெடச்சிருச்சேன்னு வயிறெரிஞ்சு சொன்னேன். நீ காலி பண்ணுனா நான் வரலாம்னு அன்னைக்கே நம்பர் குடுத்துட்டுப் போனேன்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

"கொழாயடியில என்னைய என்ன என்ன பேசுனாங்க தெரியுமா?" என்றாள். "அப்பக்கூட ஒங்க பேரச் சொல்லலியே. நல்லதுக்குத்தானே சொன்னாங்க, அவங்கள எதுக்கு இழுக்கணும்னு இருந்தேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து கம்பளிகளை எடுத்து என் கையில் வைத்தாள்.

"எங்கிட்டச் சொன்னாப் போதாது. வாங்க."

பஸ் திரும்புகிற இடத்தில் டீக்கடை. திருமலைச்சாமியும் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள், பெண்கள் இரண்டு பேர் பால் கேனோடு நின்றார்கள். ஜோதிமணி என்னை முன்னால் விட்டுவிட்டுப் பின்னால் நின்றாள். அவ்வளவு பேர் முன்னால் நான் ஜெபம்கூடச் செய்ததில்லை. சொன்னேன். அந்தப் பேச்சைக் கிளப்பியது நான், பஸ்காரர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, இந்தப் பெண் மேலும் இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். வீட்டுக்கு ஆசைப்பட்டு என்றேன்.

திருமலைச்சாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"ஒங்க வயித்தெரிச்சலுக்கு ஒரு ஊரு பஸ்ஸையே நிப்பாட்டிட்டீங்களேம்மா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அலுத்துப்போனவர்போலத்தான் சொன்னார்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் உபகாரத்திடம் கம்பளிகளைக் கொடுத்து, அவரிடமும் சொன்னேன். அவர் கம்பளியை வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, டிக்கெட் கட்டை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"டிரைவரு பொண்டாட்டி அவருகிட்டச் சண்டை போட்டுச்சும்மா. நெருப்பு இல்லாமயா பொகையும்னு கேட்டுச்சாம்" என்றார். "அதுகிட்டயும் ஒரு வார்த்தை வந்து சொல்லிருங்க. வெரசா வாங்க."

போய்ச் சொன்னேன். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டது. கேட்டுவிட்டுச் சாத்திக்கொண்டது.

ஊத்துப்பாறைக்காரர்கள் மனு எழுதிக் கையெழுத்துப் போட்டு டெப்போவுக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் பாதியில் ஹால்ட் திரும்பவும் ஆரம்பித்தது. பஸ்காரர்கள் அதே அறையில் படுக்கிறார்கள். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் சுகன்யாதான் காலையில் வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாளாம், அவர்கள் அவளுக்கு ஜன்னல் சீட் பிடித்து வைக்கிறார்களாம். ஜோதிமணி ஏழுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே சமையலறைக்கு வந்துவிடுகிறாள். முழுநாள் வேலை, முழுச் சம்பளம்.

எனக்கு வீடு கிடைக்கவில்லை. பண்ணைக்காட்டில் வீட்டுக்காரரின் தம்பி வீட்டு மாடியில் ஒற்றை அறையில் மூன்று பேரும் இருக்கிறோம். அங்கிருந்து முதல் பஸ் பிடித்தாலும் எட்டாகிவிடும். ஏழு மணிக்கு வர முடியாதவளுக்குக் காய் பெஞ்சில் இடமில்லை. மேட்ரன் என்னைப் பாத்திரம் கழுவுகிற பக்கம் மாற்றிவிட்டார். என் இடத்தில் நதியா உட்கார்ந்திருக்கிறாள்.

ஜோதிமணி என்னிடம் பேசாமல் இல்லை. சட்டி வேண்டும், தண்ணீர் வருகிறதா, மேட்ரன் கூப்பிடுகிறார் என்றெல்லாம் பேசுவாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அந்த வீட்டின் மேல் எனக்கு இப்போது பொறாமை இல்லை. இருந்தால் ஒத்துக்கொள்ள வெட்கப்பட மாட்டேன், அந்தக் கட்டமெல்லாம் தாண்டியாகிவிட்டது. இப்போது பொறாமை நதியா மேல்தான். குளிருக்கு இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார்கள். ஜோதிமணி கொண்டுவருகிற குழம்பில் பாதி அவள் டிபனுக்குப் போகிறது. இருபத்திரண்டு வயசுப் பெண், ஒரு பாவமும் அறியாதவள். அவளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஜோதிமணி எதையோ சொல்லி, நதியா தோளில் சாய்ந்து பழையபடி சிரித்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாயை மூடிவிட்டுக் காதைக் கொடுத்தேன். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.